ஸ்னூக்கரின் பொற்காலம்: எந்த ஆவணப்படத்தில் தொடங்குவது, அதில் எதைப் பார்ப்பது

கேள்வி இதுதான்: ஸ்னூக்கர் விதிகள் அரைகுறையாகத்தான் தெரியும், எழுபது எண்பதுகளில் பிரிட்டனே டிவி முன்னால் உட்கார்ந்து இந்த ஆட்டத்தைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள், அந்தக் காலத்தைப் பற்றிய ஆவணப்படங்களில் எதைப் பார்க்கலாம், அதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா அல்லது பழைய ஆட்கள் பழம்பெருமை பேசுவதுதானா?

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. பிபிசி 2021-இல் ஒளிபரப்பிய 'காட்ஸ் ஆஃப் ஸ்னூக்கர்' என்ற மூன்று பாகத் தொடரில் தொடங்குங்கள். ஆவணப்படங்களுக்குப் பெயர்போன லூயி தெரூவின் நிறுவனம் தயாரித்தது. அலெக்ஸ் ஹிக்கின்ஸ், ஸ்டீவ் டேவிஸ், ஜிம்மி வைட் ஆகிய மூன்று வீரர்களைச் சுற்றித்தான் கதை போகிறது, கடைசியில் ஸ்டீபன் ஹென்ட்ரி வந்து சேர்கிறார். விதி தெரியாவிட்டாலும் பார்க்கலாம். ஆனால் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். மேசையில் ஆடுபவரைவிட, ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். கிரிக்கெட்டில் எதிராளி அடித்து நொறுக்கினாலும் நீங்கள் பந்து வீசலாம், ஃபீல்டிங் செய்யலாம், ஓடவாவது செய்யலாம். டென்னிஸில் பந்து உங்களிடம் வந்துதான் ஆக வேண்டும். ஸ்னூக்கரில் எதிராளி பந்துகளைக் குழிகளில் போட்டுக்கொண்டே இருக்கும்வரை உங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், உங்கள் வருடம் முழுவதும் கண்ணெதிரே கையைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கேமரா அந்த முகத்துக்கு அருகில் வந்து நிற்கும். இந்த விளையாட்டு டிவிக்கு இவ்வளவு பொருந்திப்போனதற்கு முக்கியக் காரணமே அந்த முகம்தான் என்பது என் கருத்து.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரமில் ஸ்ட்ரைக்கர் போல இங்கே வெள்ளைப் பந்து. 15 சிவப்பு, ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கறுப்பு 7. ஒரு சிவப்பு, பிறகு ஒரு வண்ணம், மறுபடி சிவப்பு என்று போக வேண்டும். போட்ட வண்ணப் பந்து தன் இடத்துக்கே திரும்ப வரும். சிவப்பெல்லாம் தீர்ந்த பிறகு வண்ணங்களை மேலே சொன்ன அதே வரிசையில் போட வேண்டும். ஒவ்வொரு சிவப்புக்கும் அடுத்துக் கறுப்பையே போட்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடித்தால் 147. இவ்வளவு தெரிந்தால் போதும், ஆவணப்படங்களில் வரும் எந்தக் காட்சியும் புரிந்துவிடும்.

நமக்கும் இந்த ஆட்டத்துக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு, இந்தப் படங்களில் அதைத் தேட வேண்டாம் என்பதால் இங்கேயே சொல்கிறேன். 1875-இல் ஜபல்பூரில் இருந்த பிரிட்டிஷ் படை அதிகாரி நெவில் சேம்பர்லின் (பிற்காலத்துப் பிரதமர் வேறு ஆள்) பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்ததுதான் தொடக்கம். பிறகு மெட்ராஸ் படைத் தளபதியோடு கோடைக்கு ஊட்டிக்கு வந்தபோது ஊட்டி கிளப்பில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். அந்த பில்லியர்ட்ஸ் அறை இன்றும் இருக்கிறது.

சரி, பொற்காலத்துக்கு வருவோம். இந்த ஆவணப்படங்கள் பாதிதான் சொல்கிற ஒரு விஷயம், இந்த ஆட்டம் அதற்குமுன் எவ்வளவு செத்துப்போய்க் கிடந்தது என்பது. ஜோ டேவிஸ் 1927-இல் முதல் உலகச் சாம்பியன்ஷிப்பை ஜெயித்தபோது கிடைத்த பணம் 6 பவுண்ட் 10 ஷில்லிங். அவரே 1946 வரை 15 முறை ஜெயித்துவிட்டு விலகினார், அதன்பின் கூட்டம் குறைந்தது. 1957-க்குப் பிறகு 1964 வரை உலகச் சாம்பியன்ஷிப் போட்டியே நடக்கவில்லை. உயிர் கொடுத்தது வண்ணத் தொலைக்காட்சி. பிபிசி 2 சேனல் 1967-இல் வண்ணத்துக்கு மாறியது, அந்த வண்ணத்தைக் காட்ட மலிவான நிகழ்ச்சி வேண்டும் என்று தேடினார்கள், அப்போது அந்தச் சேனலின் பொறுப்பில் இருந்தவர் இயற்கைப் படங்களால் நாம் எல்லோரும் அறிந்த டேவிட் ஆட்டன்பரோ. பச்சைத் துணி மேல் எட்டு நிறப் பந்துகள், நகராத மேசை, மொத்த ஆடுகளமும் ஒரே கேமரா காட்சிக்குள் அடங்கிவிடும், மழையும் தொந்தரவு செய்யாது. 1969 ஜூலையில் 'பாட் பிளாக்' தொடங்கியது, ஒரு ஃப்ரேம் (எல்லாப் பந்துகளையும் வைத்து ஆடும் ஒரு சுற்று) ஆடினால் நிகழ்ச்சி முடிந்துவிடும். டெட் லோ கிசுகிசுப்பது போன்ற குரலில் வர்ணனை செய்தார். கறுப்பு வெள்ளை டிவியில் பார்ப்பவர்களுக்காக, பிங்க் பந்து பச்சைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அவர் சொன்னது இன்றும் பிரிட்டனில் மேற்கோள் காட்டப்படுகிறது.

இன்னொரு காரணம் சிகரெட். பிரிட்டனில் 1965-லேயே டிவியில் சிகரெட் விளம்பரத்தைத் தடை செய்துவிட்டார்கள். கம்பெனிகளிடம் பணம் இருக்கிறது, காட்ட இடமில்லை. விளையாட்டுப் போட்டிகளுக்குப் பெயர் கொடுத்தால் பெயர் டிவியில் தானாக வரும். 1976 முதல் 2005 வரை உலகச் சாம்பியன்ஷிப்பின் பெயரிலேயே எம்பஸி என்ற சிகரெட் பிராண்ட் இருந்தது. பழைய காட்சிகளில் வீரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டே இருப்பதைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹிக்கின்ஸ் பாகம்தான் எல்லா ஆவணப்படங்களிலும் முதலில் வரும், வர வேண்டியதும்தான். பெல்ஃபாஸ்ட் பையன். குதிரைப் பந்தய ஜாக்கி ஆகலாம் என்று 15 வயதுக்குள்ளேயே இங்கிலாந்துக்குப் போய், எடை கூடியதால் அது முடியாமல், கியூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, கையில் எடுத்தவர். 1972-இல் 22 வயதில் முதல் முயற்சியிலேயே உலகச் சாம்பியன். அந்த இறுதிப் போட்டி நடந்தது பர்மிங்காமில் முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு கிளப் கூடத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் நாடு முழுக்க மின்வெட்டு, ஜெனரேட்டர் வைத்து ஆடினார்கள். இதற்கும் ஐந்தே வருடத்தில், 1977-இல், ஷெஃபீல்டில் உள்ள குரூசிபிள் நாடக அரங்குக்குப் போட்டி வந்துவிட்டது. மைக் வாட்டர்சன் என்ற அமைப்பாளரின் மனைவி அங்கே ஒரு நாடகம் பார்த்துவிட்டு வந்து, இந்த இடம் சரியாக இருக்கும் என்று சொன்னதால் வந்த மாற்றம் அது. ஆயிரம் பேருக்கும் குறைவாகத்தான் உட்கார முடியும், முன்வரிசைக்காரர் கை நீட்டினால் வீரரைத் தொட்டுவிடலாம். 1978 முதல் பிபிசி தினமும் காட்டியது, அதிலிருந்துதான் உண்மையான வெறி தொடங்கியது.

ஹிக்கின்ஸின் உச்சம் 1982 உலகச் சாம்பியன்ஷிப். இறுதிப் போட்டியைவிட அரையிறுதியைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். எதிரில் 20 வயது ஜிம்மி வைட். 15-14 என்று வைட் முன்னிலை, இன்னும் ஒரு ஃப்ரேம் எடுத்தால் இறுதிக்குப் போய்விடுவார், அந்த ஃப்ரேமிலும் 59-0. ஹிக்கின்ஸ் எழுந்து வந்து 69 புள்ளி எடுத்து அதைப் பறித்துக்கொண்டார். சுத்தமான பிரேக் (முறை விடாமல் தொடர்ந்து எடுக்கும் புள்ளிகள்) இல்லை அது, அதுதான் அதன் அழகு. ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பந்து தப்பான இடத்தில் போய் நிற்கும், அங்கிருந்து வேறு யாரும் நினைத்தும் பார்க்காத ஒரு அடியை அடிப்பார், பந்து விழும், மறுபடி வெள்ளை தப்பான இடத்துக்குப் போகும், உடம்பெல்லாம் துடிக்கும், தலை ஆடும், எந்தப் பயிற்சியாளரும் இப்படி நின்று ஆடு என்று சொல்லித்தர மாட்டார். ஆவணப்படங்களில் இதில் சில அடிகளைத்தான் காட்டுவார்கள். முழு பிரேக்கையும் தேடிப் பாருங்கள். நடுநடுவே வைட்டின் முகத்தைப் பாருங்கள். இருவருக்கும் நல்ல நட்பு, வைட்டுக்கு ஹிக்கின்ஸ்தான் ஆதர்சம். கடைசி ஃப்ரேமையும் ஹிக்கின்ஸ் எடுத்து 16-15 என்று முடித்தார். பிறகு இறுதியில் ரே ரியர்டனை 18-15 என்று வென்று, அழுதுகொண்டே கைக்குழந்தையை வாங்கி அணைத்துக்கொண்ட காட்சிதான் எல்லாப் படங்களிலும் வருவது.

அந்த இறுதியில் தோற்ற ரியர்டனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஆவணப்படங்கள் அவருக்குச் செய்வது நியாயம் இல்லை. எழுபதுகளின் ராஜா அவர், ஆறு முறை உலகச் சாம்பியன். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர், பிறகு போலீஸ்காரர். ஒருமுறை சுரங்கம் இடிந்து மூன்று மணி நேரம் மண்ணுக்குள் புதைந்து கிடந்தபோது, அசைந்தால் மூச்சு முட்டிவிடும் என்று அசையாமல் இருந்து, தன் தம்பியோடு மனதுக்குள்ளேயே கோலிகுண்டு விளையாடிக்கொண்டிருந்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொறுமையோடு வந்த ஆளுக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது பெரிய விஷயமா? ஆனால் சண்டை போடவில்லை, குடித்துவிட்டுக் கலாட்டா செய்யவில்லை, அதனால் கதைசொல்லிகளுக்கு அவர் ஓரத்து ஆள் ஆகிவிட்டார். 2004-இல் ரானி ஓ'சலிவன் இரண்டாம் முறை உலகச் சாம்பியன் ஆனபோது பின்னால் இருந்து தற்காப்பு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவரும் இதே ரியர்டன்தான்.

ஸ்டீவ் டேவிஸ் பாகம் ஒரு தொழிலின் கதை. லண்டனுக்குப் பக்கத்தில் ராம்ஃபோர்டில் ஒரு ஸ்னூக்கர் கூடம், அதை வாங்கிய பேரி ஹெர்ன் என்ற கணக்காளர், அங்கே ஆட வந்த ஒல்லியான சிவந்த முடிப் பையன். ஜோ டேவிஸ் (உறவு எதுவும் இல்லை) எழுதிய புத்தகத்தை வைத்து அப்பா சொல்லிக்கொடுத்த ஆட்டம். 1981-இல் முதல் பட்டம், கடைசிப் பந்து விழுந்ததும் ஹெர்ன் ஓடிவந்து மோதிக் கட்டிக்கொண்டதில் டேவிஸ் தடுமாறிப்போகிறார், பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும் காட்சி. எண்பதுகளில் மொத்தம் ஆறு பட்டங்கள். ஹெர்ன் முன்னணி வீரர்களை ஒரே நிறுவனத்தின் கீழ் சேர்த்து ஹாங்காங், சீனா என்று கூட்டிப்போய் ஆட வைத்தார், அவர்கள் பெயரில் ஷேவிங் லோஷன்கூட விற்றார். ஜனங்கள் ஹிக்கின்ஸை நேசித்தார்கள், டேவிஸை மதித்தார்கள். படங்கள் இந்த எதிரெதிர் ஜோடியை நன்றாகவே காட்டுகின்றன, கொஞ்சம் அதிகமாகவே காட்டுகின்றன என்பேன். ஏனென்றால் முடிவுகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் டேவிஸ்தான் ஜெயித்திருப்பார். 1983 யுகே சாம்பியன்ஷிப் இறுதியில் 0-7 என்று பின்தங்கிய ஹிக்கின்ஸ் 16-15 என்று வென்றது மறக்க முடியாத விதிவிலக்கு.

இப்போது 1985 உலகச் சாம்பியன்ஷிப் இறுதி. எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம், ஆனால் முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. டேவிஸ் 8-0 என்று முன்னிலை. எதிரில் டென்னிஸ் டெய்லர், குனிந்து பார்க்க வசதியாகத் தலைகீழாக மாட்டியது போன்ற பெரிய கண்ணாடி. முந்தைய ஆண்டு ஒரு போட்டியின் நடுவே அம்மா இறந்துபோக, ஆட்டத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போனவர். இரண்டு நாள் ஆட்டத்தில் ஒருமுறைகூட அவர் முன்னிலைக்கு வரவில்லை, துரத்தித் துரத்தி 17-17. கடைசி ஃப்ரேம் மட்டும் 68 நிமிடம். டேவிஸ் 62, டெய்லர் 44, மேசையில் பிரவுன், நீலம், பிங்க், கறுப்பு நான்குதான் மிச்சம், நான்கையும் போட்டால்தான் டெய்லருக்கு வெற்றி. மூன்றைப் போட்டுவிட்டார். இப்போது கறுப்பு யாருக்கு விழுகிறதோ அவர் உலகச் சாம்பியன். ஆளுக்கு ஆள் முயன்று தவறவிட்டார்கள். கடைசியில் டேவிஸ் மெல்லிதாக வெட்டி, அதாவது பந்தின் ஓரத்தில் மட்டும் பட வைத்து, போட வேண்டிய ஒரு வாய்ப்பு வந்தது, அவர் அதைக் கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டார். டெய்லர் போட்டார், கியூவை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். நள்ளிரவு தாண்டிவிட்டது, 1 கோடியே 85 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றுவரை பிபிசி 2-இன் சாதனை அதுதான்.

ஆவணப்படத்தில் இதற்கு நான்கைந்து நிமிடம் கொடுப்பார்கள், இசை போடுவார்கள், நன்றாக இருக்கும். ஆனால் அந்த 68 நிமிடத்தை முழுசாக, ஓட்டாமல், இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். யாரும் எதையும் போடாத நிமிடங்கள், கியூ நுனியில் சாக்பீஸ் தேய்க்கும் சத்தம், அரங்கில் ஒருவர் இருமுவது, இதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கறுப்புப் பந்துக்கு அவ்வளவு எடை வந்தது. ஆவணப்படம் என்ற வடிவம் முதலில் வெட்டி எறிவதே இந்தக் காத்திருப்பைத்தான். அதனால்தான் படத்தோடு நின்றுவிடாதீர்கள் என்று சொல்கிறேன். 2010-இல், 25 ஆண்டு நிறைவில், இந்த ஒரு போட்டிக்காகவே பிபிசி ஒரு படம் எடுத்தது. அதையும் முழு ஃப்ரேமைப் பார்த்த பிறகு பார்த்தால் இருவரின் பேச்சும் வேறுமாதிரி கேட்கும்.

'காட்ஸ் ஆஃப் ஸ்னூக்கர்' தொடரின் மூன்றாம் பாகம் இருட்டுப் பக்கத்துக்குப் போகிறது, அதைத் தவிர்க்காததுதான் இந்தத் தொடரின் நேர்மை. வெள்ளை சூட்டில் வந்து 1984 மாஸ்டர்ஸ் போட்டியில் 147 அடித்த கனடாக்காரர் கிர்க் ஸ்டீவன்ஸ் பிறகு கொக்கெய்ன் அடிமைத்தனத்தைத் தானே ஒப்புக்கொண்டார். அதே நாட்டு பில் வெர்பெனியுக்குக்குக் கை நடுக்கம் இருந்தது, அதை அடக்க ஆட்டத்துக்கு முன்னும் நடுவிலும் பீர் குடித்தே தீர வேண்டிய நிலை. அப்போது ஜனங்கள் இதைச் சுவாரசியமான செய்தியாகத்தான் பார்த்தார்கள், இப்போது பார்க்கும்போது மனசு கனக்கிறது. ஹிக்கின்ஸ் 1986-இல் போட்டி அதிகாரி ஒருவரைத் தலையால் முட்டி 12,000 பவுண்ட் அபராதமும் ஐந்து போட்டிகளுக்குத் தடையும் வாங்கினார், பிறகு தொண்டைப் புற்றுநோய், 2010-இல் பெல்ஃபாஸ்டில் தனியாக, 61 வயதில் மரணம். அவர் இறந்தபின் பிபிசி அவரைப் பற்றித் தனியாக எடுத்த 'தி பீப்பிள்ஸ் சாம்பியன்' படத்தையும் பார்க்கலாம், அனுதாபம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-இல் வந்த 'தி ராக் பேக்' ஆவணப்படம் அல்ல, நடிகர்கள் நடித்த கதைப்படம். ஹிக்கின்ஸ், டேவிஸ், ஹெர்ன் மூவரின் கதை, வேடிக்கையாகப் போகும், சம்பவங்களை வசதிக்கு வளைத்திருப்பார்கள், எனவே கடைசியில் பாருங்கள். 2023-இல் வந்த 'ரானி ஓ'சலிவன்: தி எட்ஜ் ஆஃப் எவ்ரிதிங்' பொற்காலம் பற்றியது அல்ல. ஆனால் 2022 உலகச் சாம்பியன்ஷிப்பின்போது அவர் உடம்பில் மைக் மாட்டி எடுத்த படம், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மூச்சே கேட்கும், நான் மேலே சொன்னது என்ன என்று புரிய இதைவிட நல்ல படம் கிடையாது.

இந்தப் படங்கள் எல்லாமே ஆண்களின் கதைகள் என்பதையும் சொல்ல வேண்டும். அதே எண்பதுகளில்தான் அலிசன் ஃபிஷர் பெண்களுக்கான உலகப் பட்டங்களை வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்தார், மொத்தம் ஏழு. அவருக்கு ஒரு முழு மணி நேரம் கொடுத்து யாராவது படம் எடுக்க வேண்டும் என்று பல வருடமாக எனக்கு ஆசை.

கடைசியாக ஒன்று, தொடரின் மூன்றாம் பாகம் முடிந்த கையோடு 1994 உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியின் கடைசி ஃப்ரேமைப் போட்டுப் பாருங்கள். ஜிம்மி வைட்டின் ஆறாவது இறுதி, முந்தைய ஐந்திலும் தோல்வி, 1992-இல் 14-8 முன்னிலையிலிருந்து ஹென்ட்ரியிடம் தொடர்ந்து பத்து ஃப்ரேம் இழந்து தோற்றவர். அன்று அவருக்கு 32-ஆம் பிறந்தநாள். மறுபடியும் ஹென்ட்ரி, 1985 போலவே 17-17, கடைசி ஃப்ரேமில் வைட் முன்னிலையில், பந்துகள் எல்லாம் போடத் தோதாகக் கிடக்கின்றன, அரங்கம் முழுக்க அவருக்காக வேண்டிக்கொள்கிறது. தன் வழக்கமான இடத்தில் இருக்கும் ஒரு சுலபமான கறுப்பை அவசரமாக அடித்துத் தவறவிடுகிறார். போய் உட்காருகிறார். ஹென்ட்ரி எழுந்து வந்து ஒரு தப்பும் இல்லாமல் 58 புள்ளி எடுத்து முடிக்கிறார், அந்த நேரம் முழுவதும் வைட் அங்கேயே இருக்கிறார், ஒருமுறைகூட மேசைக்குத் திரும்ப வரவில்லை. பரிசளிப்பின்போது மைக்கை நீட்டுகிறார்கள், ஹென்ட்ரியைப் பற்றி அவர் சிரித்தபடி சொல்வது ஒரே ஒரு வரி: "இவர் எனக்கு எரிச்சலூட்ட ஆரம்பித்துவிட்டார்."